வெட்டிய மேடு பச்சை பிடிப்பது எப்படி?

ஹட்டனிலிருந்து நுவரெலியா பக்கம் போகும்போது, வீதியை அகலிக்க வெட்டிய மண்மேடுகளைப் பாருங்கள். சில சீக்கிரமே பச்சையாகிவிடும். சில வருசக்கணக்கில் சிவப்பாகவே கிடக்கும்.

இயந்திரம் முதலில் வழித்தெடுப்பது மேல்மண்ணை. மக்கு, விதை, வேரோடு கூடிவாழும் பூஞ்சை எல்லாம் அதோடு போய்விடும். மிஞ்சுவது உக்கிய பாறையின் அடிமண்; புளிப்பு கூடியது, நைதரசனும் பொசுபரசும் குறைந்தது. மேடு செங்குத்தாக இருந்தால், விழுகிற விதை வேர்விடுமுன்னே அடுத்த மழை அதைக் கானுக்குள் தள்ளிவிடும்.

நீர் கசியும் இடங்களில் முதலில் பாசி படரும். அது மண்துகள்களைப் பிடித்து ஈரத்தைக் காக்க, காற்றில் வரும் பன்னத்தின் வித்திகள் அங்கே ஒட்டிக்கொள்ளும். மலைநாட்டில் பெரும்பாலும் வெல்வது, சிங்களத்தில் கெகில்ல எனப்படும் பன்னம். இலைக்காம்பு கவடு கவடாகப் பிரிந்துகொண்டே போகும். புளிப்பு மண்ணில் கரையும் அலுமினியம் பல செடிகளின் வேரைக் கெடுக்கும். கெகில்லவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிலத்தடியில் ஓடும் தண்டு மேட்டையே மூடிவிடும்.

மண் அரிப்பு நிற்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் புதரை விலக்கிப் பாருங்கள்: காய்ந்த இலைகள் லேசில் உக்காமல் அடுக்கடுக்காகத் தொங்கும். மேலே விழுந்த விதை அந்தக் குப்பையிலேயே சிக்கிக் காயும். மண்ணைத் தொட்டாலும் வெளிச்சம் கிடையாது. வெயில் காலத்தில் தீ வைத்தால் மரக்கன்றுகள் சாகும், கெகில்ல அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். இப்படி ஒரே செடியோடு தேங்கிய மேட்டை மீண்டதாக நான் கணக்கெடுக்க மாட்டேன்.

தேக்கத்தை உடைப்பது நிழல். கினிகத்தேனைப் பக்கம் வட்டக்கண்ணி போன்ற மரங்களின் விதையைப் பறவைகள் எச்சத்தில் போடும். ஒன்றிரண்டு தப்பி வளர்ந்து நிழல் விழுந்தால், வெயில் கேட்கும் கெகில்ல பின்வாங்கும். மேட்டைப் பிடிக்க நாமே நடும் வெட்டிவேரின் சிறப்பும் நிழலுக்கு விலகுவதுதான். வேர் 3 மீற்றர் வரை நேரே இறங்கும். நிழல் வந்ததும் மெலிந்து மற்றச் செடிகளுக்கு இடம் விடும். நுவரெலியாக் குளிரில் மட்டும் அதன் வளர்ச்சி மந்தம்.

பலவகைச் செடி இருந்தால் புல்வேர் மேல்மண்ணைப் பின்னும், மரவேர் ஆழத்தில் ஊன்றும். அதற்கும் எல்லை உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடிய மாதிரிப் பெருஞ்சரிவைப் புல்வேர் தடுக்காது. அப்படியான இடத்தில் மழைநீர் உள்ளே இறங்குமுன் மேட்டின் தலைப்பிலேயே கான் வெட்டித் திருப்ப வேண்டும். செடி நடுவது அதற்குப் பிறகு.