மைய நரம்பு மண்டல ‘ஈடுபாடு’: சரியான தமிழ்ச் சொல் எது?

லுகேமியா என்னும் ரத்தப் புற்று வந்த ஆறு வயது மகனை ஆரணியிலிருந்து வேலூருக்குக் கூட்டி வந்திருந்த ஒரு தாய், மருத்துவமனையில் கொடுத்த தமிழ்த் தாளை என்னிடம் நீட்டினார். ‘மைய நரம்பு மண்டல ஈடுபாடு இல்லை’ என்ற வரியில் விரலை வைத்து, “அண்ணா, எங்க புள்ளமேல ஈடுபாடு இல்லன்னு எழுதியிருக்காங்களே, ஏன்?” என்றார். கண் கலங்கியிருந்தது. மூளையிலும் தண்டுவடத்திலும் நோய் நுழையவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தத் தாளில் இருந்த ஒரே நல்ல செய்தி அந்த வரிதான்.

ஆங்கில ‘இன்வால்வ்மென்ட்’டைத்தான் ‘ஈடுபாடு’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர், லத்தீனின் ‘இன்வோல்வரே’. உள்ளே சுருட்டுதல், பொதிதல் என்று பொருள். நோய் ஓர் உறுப்பையும் தன்னுள் இழுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல மருத்துவம் அதை எடுத்துக்கொண்டது. தமிழில் ஈடுபாடு என்றால் மனம் தோய்வது. படிப்பில் ஈடுபாடு, பக்தியில் ஈடுபாடு. நோய்க்கு அது பொருந்தவே பொருந்தாது.

லுகேமியா என்ற பெயரில் இந்தச் சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் ‘லியூகோஸ்’ வெண்மை, ‘ஹைமா’ குருதி. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ 1847இல் வைத்த பெயர். வெண்குருதிப் புற்று என்பது நேரான தமிழ்.

சரி, ஈடுபாட்டுக்குப் பதில் என்ன? ‘பரவல்’ என்கிறார்கள் சிலர். ரத்தத்திலேயே இருக்கும் நோய் முன்பே உடம்பெங்கும் பரவியதுதானே! ‘பாதிப்பு’ என்றால் வலிப்பு, பக்கவாதம் என்று மனம் ஓடும். பெரும்பாலும் அறிகுறி எதுவுமே இருக்காது.

மூளையையும் தண்டுவடத்தையும் சவ்வுகள் உறைபோல மூடியிருக்கின்றன. நடுவே தெளிந்த நீர் ஓடுகிறது. ரத்தத்தில் ஏற்றும் மருந்துகள் பல, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையைத் தாண்டிப் போதிய அளவு அங்கே போவதில்லை. அங்கே நுழைந்த செல் தப்பித்துக்கொள்ளும். தடுப்புச் சிகிச்சை இல்லாத காலத்தில், ரத்தம் தெளிந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தலைவலியும் வாந்தியுமாகத் திரும்பி வந்தார்கள். மருத்துவர்களே அந்த இடத்தைப் புகலிடம் என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

அதனால் என் தேர்வு ‘புகல்’. நுழைவது, அடைக்கலம் ஆவது, இரண்டும் அதில் இருக்கின்றன. நூல்களில் ‘மைய நரம்பு மண்டலப் புகல்’ என்று எழுதலாம். பெற்றோர் கையில் கொடுக்கும் தாளுக்கு அதுவும் வேண்டாம். ‘மூளை நீரில் நோய்ச் செல்கள் இல்லை’ போதும்.

அந்த நீரைத்தான் முதுகிலிருந்து எடுக்கிறார்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து மடக்கி, கீழ் முதுகின் எலும்பிடையில் மெல்லிய ஊசி. துளித்துளியாக நீர் விழும். நுண்ணோக்கியில் நோய்ச் செல் இல்லையென்றால் நிலை 1. நோய்ச் செல்லோடு, ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 5-க்குக் குறைவாக இருந்தால் நிலை 2, 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிலை 3. அப்புறம் அதே ஊசி வழியாக மெத்தோட்ரெக்சேட் என்ற மஞ்சள் நிறப் புற்று மருந்து உள்ளே போகும். தாய்மார்கள் அதை ‘முதுகு ஊசி’ என்கிறார்கள். எனக்கு அதைவிட நல்ல சொல் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தாய், “மூளைக்குப் போவலன்னா முதுகு ஊசி எதுக்குண்ணா?” என்றார்.

“கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு பூந்துடக் கூடாதுன்னுதாம்மா.”