வாணவேடிக்கை முடிந்த பிறகு பஸ்ஸில் நிற்பவர்கள்

ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், இரவு வாணவேடிக்கை முடிந்த கையோடு இன்னொரு கூத்து ஆரம்பமாகும். மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலுக்கு வெளியே, ஹோட்டல் பெயர்ப் பலகைகளுக்குக் கீழே, பஸ்ஸுக்காக நீண்ட வரிசைகள். தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டிருக்கும் அப்பா. ஒரு கையில் மடக்கிய தள்ளுவண்டி, இன்னொரு கையில் மிக்கி காது வைத்த தொப்பிகள் பிதுங்கும் பை என்று நிற்கும் அம்மா. செருப்பிலிருந்து குதிகாலை வெளியே எடுத்து ஆற்றிக்கொள்ளும் பாட்டி. பஸ் வருகிறது, கதவு திறக்கிறது, முதல் நாற்பது பேருக்குச் சீட் கிடைக்கிறது. மிச்சம் உள்ளவர்களை டிரைவர் பின்னால் தள்ளிப் போகச் சொல்கிறார்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு சண்டை உண்டு. பெரும்பாலும் மனசுக்குள்ளேயே நடக்கும். ஏறி நின்றுகொண்டு போவதா, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து உட்கார்ந்து போவதா? சீட் கிடைத்தவர் எழுந்து கொடுக்க வேண்டுமா? கொடுப்பதானால் யாருக்கு? இதையெல்லாம் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசிப் பழகிவிட்டோம். கொஞ்சம் இயற்பியலாகவும் பார்க்கலாம். மரியாதை சொல்லும் பதிலும் இயற்பியல் சொல்லும் பதிலும் ஓரிரு இடங்களில் ஒத்துப்போகவில்லை.

முதலில் ஏன் நிற்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம். 1971 அக்டோபர் 1 அன்று திறந்த இந்த வளாகம் சுமார் 100 சதுர கிலோமீட்டர். நான்கு தீம் பார்க்குகள், இருபதுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள், நடுநடுவே காடு, ஏரி, சதுப்பு நிலம். மோனோரயில் முதல் வருஷத்திலிருந்தே ஓடுகிறது. 2019-இல் ஸ்கைலைனர் என்ற கேபிள் காரும் வந்தது. ஆனால் இவை போகாத ஹோட்டல்கள் நிறைய. அங்கெல்லாம் பஸ்தான், அதுவும் இலவசமாக. காலையில் ஜனங்கள் ஆற அமரக் கிளம்புவார்கள். இரவில் கடைசி வாணம் வெடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். சிக்கல் அங்கேதான்.

வழக்கமான 12 மீட்டர் நீள பஸ்ஸில் சுமார் 40 பேர் உட்காரலாம். இன்னும் ஒரு 20 பேர் நிற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் 240 பேர் இருந்தால், நிற்கவும் அனுமதித்தால் 4 பஸ் போதும். உட்கார்ந்துதான் போக வேண்டும் என்றால் 6 வேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்தால், வரிசையின் கடைசி ஆள் கூடுதலாக 20 நிமிஷம் நிற்க வேண்டியிருக்கும். 'அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம்' என்று ஒதுங்குபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பஸ்ஸில் நிற்காமல் தப்பிக்கப் பிளாட்ஃபாரத்தில் நிற்கிறார்கள்! ஒரே வித்தியாசம், பிளாட்ஃபாரம் பிரேக் போடாது. அந்த வித்தியாசம் யாருக்கு முக்கியம், யாருக்கு முக்கியமில்லை என்பதுதான் மீதிக் கதை.

பஸ் சீரான வேகத்தில் நேராகப் போகும்போது, அது 30 கிலோமீட்டராக இருந்தாலும் 70 ஆக இருந்தாலும், சமையலறையில் நிற்பதற்கும் பஸ்ஸில் நிற்பதற்கும் சாலைக் குலுக்கலைத் தவிர வித்தியாசம் கிடையாது. இதைக் கப்பலை உதாரணம் காட்டிக் கலிலியோ எப்போதோ விளக்கிவிட்டார். உடம்புக்கு வேகம் தெரியாது. வேகம் மாறுவதுதான் தெரியும். டிரைவர் பிரேக்கை அழுத்தும்போது தரை பாதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பாதத்துக்கு மேலே இருப்பதெல்லாம் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. பள்ளிப் புத்தகத்தில் நிலைமம் என்று படித்தது இதைத்தான்.

எவ்வளவு பிரேக் வரை கம்பியைப் பிடிக்காமல் தாங்கலாம்? இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். 170 சென்டிமீட்டர் உயரமானவரின் ஈர்ப்பு மையம், தொப்புளை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 95 சென்டிமீட்டரில் இருக்கும். கணுக்காலிலிருந்து முன்பாதம் அழுத்தும் இடம் வரை 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன்னே பார்த்தபடி, இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றால், இந்த 12-ஐ 95-ஆல் வகுத்து 9.8-ஆல் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 1.2. அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் குறையும் வரை கால் மட்டுமே சமாளிக்கும். நிதானமான டிரைவர் ஸ்டாப்பில் நிறுத்தும்போது கிட்டத்தட்ட இந்த அளவில்தான் பிரேக் போடுவார். எல்லையை ஒட்டித்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

இப்போது பக்கவாட்டில் திரும்பி, ஜன்னலைப் பார்த்தபடி, கால்களை பஸ் போகும் திசையில் 50 சென்டிமீட்டர் அகட்டி நில்லுங்கள். நடுவிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் 25 சென்டிமீட்டர். அதே கணக்கு 2.6 என்று வரும். இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும் சக்தி, வெறுமனே திரும்பி நின்றதால். கொஞ்சம் முழங்காலை மடக்கினால் இன்னும் நல்லது. தினமும் பஸ்ஸில் நின்று போகிறவர்களைக் கவனித்தால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே இப்படித்தான் நிற்பார்கள். ஆனால் ஒன்று: வளைவில் தள்ளல் பக்கவாட்டில் வரும். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவை 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் இதே அளவுகோலில் முடுக்கம் சுமார் 2. அப்போது அகட்டிய கால்கள் தப்பான திசையில் இருக்கும். எனவே கம்பியை விட்டுவிட வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் வேறு. குள்ளமாக இருப்பதால் கீழே விழ மாட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையில் ஒரு துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கையை ஆட்டி ஆட்டிக் கொஞ்ச நேரம் சமாளித்துவிடலாம். அடுத்து ஒரு பென்சிலை நிறுத்துங்கள். முடியவே முடியாது. உயரம் குறையக் குறைய, சாயும் வேகம் கூடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்களைவிட வேகமாகச் சாயும். திருத்திக்கொள்ளக் கிடைக்கும் நேரமும் அதே அளவுக்குக் குறைவு. சாயத் தொடங்கியதை உணர்ந்து கால் தசை தானாகவே இறுக, நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கே சுமார் பத்தில் ஒரு வினாடி ஆகும். பிள்ளையின் பாதமோ சின்னது, மேலே தொங்கும் பிடி எட்டாது, அந்த அனிச்சைச் செயலும் இன்னும் முழுதாகப் பழகியிருக்காது. வயதானவர்களுக்குத் துடைப்பத்தின் உயரம் இருக்கிறது, ஆனால் கை மெதுவாகிவிட்டது. இருவருக்கும் முடிவு ஒன்றுதான்.

சரி, திடீர் பிரேக்குக்கு வருவோம். குறுக்கே ஒரு கார் வருகிறது. டிரைவர் ஓங்கி மிதிக்கிறார். ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 5 மீட்டர் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் முன்னே பார்த்து நின்றால், காலால் தாங்க முடிந்தது போக மீதியைக் கை இழுத்துப் பிடிக்க வேண்டும். தோள் உயரத்தில், 135 சென்டிமீட்டரில், செங்குத்துக் கம்பியைப் பிடித்திருந்தால் கைக்கு வரும் இழுவை சுமார் 19 கிலோ எடையைத் தூக்குவது போல. இடுப்பு உயரத்தில், 90 சென்டிமீட்டரில், சீட்டின் முதுகைப் பிடித்திருந்தால் அது 28 கிலோ ஆகிவிடும். நெம்புகோல் கணக்குத்தான்: பாதத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவு லேசு. அப்படியானால் தலைக்கு மேலே ஊசலாடும் பட்டைதான் சிறந்ததா? இல்லை. பட்டை முதலில் ஆடும், அப்புறம்தான் இழுக்கும். அந்த ஆட்டத்துக்குள் உடம்பு வேகம் பிடித்துவிடும். ஆடாத கம்பி, தோள் உயரம்: இதைவிட நல்ல இடம் பஸ்ஸில் கிடையாது.

இப்போது அந்த அப்பாவைப் பாருங்கள். தோளில் 15 கிலோ பிள்ளை. மொத்த எடை 85 ஆகிறது, ஈர்ப்பு மையம் ஒரு மீட்டரைத் தாண்டுகிறது, கைக்கு வரும் இழுவை 25 கிலோவாக ஏறுகிறது. அதையும் ஒற்றைக் கையால். இன்னொரு கை பிள்ளையைத் தாங்குகிறது. அவரே ஒரு சீட்டில் உட்கார்ந்து அதே பிள்ளையை மடியில் வைத்திருந்தால், அதே பிரேக்குக்குப் பிள்ளையை இழுத்துப் பிடிக்க ஏழெட்டுக் கிலோ பலம் போதும், இரண்டு கையும் இருக்கிறது. ஆள் முப்பது வயது, ஜிம்முக்குப் போகிற உடம்பு. அவருக்கு யாரும் எழுந்து இடம் கொடுக்க மாட்டார்கள். கையில் ஒன்றுமில்லாத, நல்ல நடையுள்ள அறுபது வயதுக்காரருக்கு உடனே கொடுப்பார்கள். என் கணக்கில் இது தலைகீழ். நரைமுடியைப் பார்த்து அல்ல, கையைப் பார்த்துத்தான் சீட்டைக் கொடுக்க வேண்டும். கம்பியைப் பிடிக்க ஒரு கை மிச்சம் இல்லாதவர், கம்பி எட்டாதவர், பிடித்தாலும் நிற்க முடியாதவர். அறுபது வயதுக்காரர் மூன்றாவதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

உட்கார்ந்தவர்களும் ஒரேயடியாக நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுவரோடு ஒட்டி, நடைபாதையைப் பார்த்தபடி போட்ட சீட்டுகளுக்கு, பிரேக் போடும் திசையில் முதுகு கிடையாது. பக்கத்தில் இருப்பவர்தான் முதுகு. முன்னே பார்க்கும் சீட்டில் எதிர் சீட்டின் பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். சீட் பெல்ட் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆட்கள் நிறைந்த பஸ் ஏறத்தாழ 18 டன். ஒன்றரை டன் கார் ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, நிற்கிற பஸ்ஸில் மோதினாலும் பஸ்ஸின் வேகம் 4 கிலோமீட்டர்கூட மாறாது. இந்த மாதிரி பஸ்ஸுக்குள் படும் அடிகள் நிறைய, எதிலும் மோதாமலே, பிரேக்கிலும் கிளம்பும்போதும் விழுந்து படுபவைதான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். நிற்பவர்கள் அதைத் தாண்டி முன்னால் வரக்கூடாது என்பது அமெரிக்க விதி. கண்ணாடியையும் கதவையும் டிரைவர் பார்க்க வேண்டும். போதாததற்கு அந்த இடத்தில் விழுந்தால் பிடிக்க ஒன்றும் இல்லை.

இரவு என்பதால் இன்னொரு சிக்கல். உட்செவிக்குள் சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் ஒரு கூழின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சரியும். பஸ் பிரேக் போட்டாலும் சரியும். இரண்டும் அவற்றுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எது எது என்று பிரித்துச் சொல்ல மூளை கண்ணை நம்புகிறது. பகலில் ஜன்னலுக்கு வெளியே மரமும் சாலையும் ஓடுவது தெரிகிறது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் ஜன்னல் கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும், அதுவும் நம்மோடு சேர்ந்தே வரும். கண் 'நிற்கிறோம்' என்கிறது, காது 'சாய்கிறோம்' என்கிறது. உட்கார்ந்து ஃபோனில் அன்று எடுத்த படங்களைத் தள்ளிப் பார்ப்பவர்களுக்குக் குமட்டுவது இதனால்தான். நின்றுகொண்டு முன் கண்ணாடி வழியாக ஹெட்லைட் வெளிச்சத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நிற்பவர்களுக்கு இந்த ஒரு லாபமாவது இருக்கட்டும்.

கால் வலிக்கும் கணக்கு உண்டு. உட்காருவதைவிட நிற்பதற்குக் கூடுதலாகச் செலவாகும் சக்தி மிகக் கொஞ்சம். இருபது நிமிஷத்துக்கு ஒரு கடி பிஸ்கட் அளவுகூட இல்லை. அப்படியிருந்தும் ஏன் உயிர் போகிறது? நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் உடம்பின் கீழ்ப்பாதிக்கு இறங்குகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் அதைப் பிழிந்து மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் பிழிய ஆள் இல்லை. தசையும் விடாமல் இறுகி இருப்பதால் அதற்குள் ரத்தம் போய் வருவது குறைகிறது. ஃப்ளோரிடா வெயிலில் வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்களுக்குத் தலை சுற்றுவதும் இப்படித்தான். அதனால் பிளாட்ஃபாரத்தில் கல் மாதிரி நிற்பது பஸ்ஸில் ஆடி ஆடி நிற்பதைவிடக் கெண்டைக்காலுக்கு மோசம். குதிகாலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருந்தால் இரண்டு இடத்திலும் உதவும். செருப்பிலிருந்து குதிகாலை வெளியே எடுத்த அந்தப் பாட்டிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்.

கடைசியில் எல்லாம் ஒருவருடைய பாதத்தில்தான் போய் நிற்கிறது, டிரைவருடைய பாதத்தில். பிரேக் எவ்வளவு பலமாகப் போடுகிறார் என்பதைவிட, அது எவ்வளவு சட்டென்று ஏறி இறங்குகிறது என்பதுதான் நிற்பவர்களை ஆட்டும். பிரேக்கை ஒரே மாதிரி அழுத்திக்கொண்டே போனால், பஸ் நிற்கும் அந்த நொடியில் முன்னோக்கிய இழுப்பு திடீரென்று காணாமல் போகும். அதுவரை அதை எதிர்த்துப் பின்னால் சாய்ந்திருந்த உடம்பு ஆளைப் பின்னாலேயே தள்ளிவிடும். 'நின்றுவிட்டதே' என்று கம்பியை விடுபவர்கள் விழுவது அப்போதுதான். தேர்ந்த டிரைவர் கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுப்பார். பஸ் எப்போது நின்றது என்றே தெரியாது. காற்று 'புஸ்' என்று வெளியேறும், கதவு திறக்கும், தோளில் கிடக்கும் பிள்ளை எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டே இருக்கும்.