முதல் நான்கு பைட்டைப் பாருங்கள்

புரோகிராம் கிராஷ் ஆகும் நொடியில் நினைவகத்தில் இருந்ததை, முழுதாகவோ கொஞ்சமாகவோ, வாரி ஒரு கோப்பில் கொட்டுவதுதான் டம்ப். லினக்ஸில் இதைக் 'கோர்' என்பார்கள். நினைவகத்தைக் காந்த வளையங்களில் கோத்த காலத்துப் பெயர். வளையங்கள் போய்விட்டன, பெயர் போகவில்லை.

இந்தக் கோப்பை, புரோகிராமின் பிழையைத் தேட உதவும் டீபக்கரில் திறந்தால் சில நேரம் 'படிக்க முடியவில்லை' என்று வந்து நிற்கும். உடனே கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கோப்பைப் பைட் பைட்டாக எண்களில் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் போட்டு முதல் நான்கு பைட்டைப் பாருங்கள். விண்டோஸின் சிறிய டம்பான மினிடம்ப் என்றால், பதின்மக் கணக்கில் 77, 68, 77, 80 இருக்கும். எழுத்தாகப் படித்தால் எம்.டி.எம்.பி. லினக்ஸ் கோர் 127-இல் தொடங்கும், அடுத்து இ.எல்.எஃப். ஒருமுறை வாடிக்கையாளர் அனுப்பிய கோப்போடு அரை நாள் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் தொடக்கத்தைப் பார்த்தேன்: 31, 139. அட, ஜிஸிப்! சுருக்கி அனுப்பியவர் கோப்பின் பெயரை மட்டும் பழையபடியே வைத்திருக்கிறார். விரித்ததும் திறந்துகொண்டது.

தலை சரி, ஆனாலும் திறக்கவில்லையா? வால் அறுந்திருக்கலாம். மினிடம்பின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு. அது 40 எம்.பி. தாண்டி ஓர் இடத்தைக் காட்டும்; கோப்போ 12 எம்.பி.யிலேயே முடிந்திருக்கும். டிஸ்க் நிறைந்திருக்கலாம், லினக்ஸில் கோர் அளவுக்கு வரம்பு போட்டிருக்கலாம். இன்னொன்று, கிராஷ் ஆன புரோகிராமே தன் டம்பை எழுத உட்கார்ந்திருக்கலாம். உயிர் போகும்போது தானே மரண வாக்குமூலம் எழுதுகிற கதை; பாதியில் பேனா விழுந்துவிடும். குரோம் பிரவுசரில் டம்ப் எடுக்கும் கிராஷ்பேட் இதற்காகவே அந்த வேலையைத் தனி புராசஸிடம், அதாவது தனியாக ஓடும் இன்னொரு புரோகிராமிடம், கொடுக்கிறது. அறுந்த வாலை ஒட்டவைக்க வழியில்லை, மறுபடி கிராஷ் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கோப்பு திறந்தும் ஒன்றும் புரியாத நிலைதான் எனக்கு அதிகம் வாய்த்திருக்கிறது. லினக்ஸில் பயன்படும் டீபக்கரான ஜி.டி.பி.யில் ஸ்டேக் முழுக்க, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை முழுக்க, இரட்டைக் கேள்விக்குறிகள். கோப்பில் குறை இல்லை. எந்த முகவரியில் எந்த ஃபங்ஷன் என்று சொல்லும் சிம்பல் கோப்பு பக்கத்தில் இல்லை. விண்டோஸில் அது பி.டி.பி. நிரலை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் ஒவ்வொரு பில்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதே நிரலை இன்று மறுபடி பில்டு செய்து தந்தால், எண் பொருந்தவில்லை என்று டீபக்கர் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ரிலீஸ் அன்று எடுத்து வைத்த அந்தப் பழைய பி.டி.பி.யே வேண்டும். அது கிடைத்துவிட்டால், வெறும் எண்கள் இருந்த இடத்தில் ஃபங்ஷன் பெயரும் வரி எண்ணும் வந்து உட்காரும்.