சுடுவதா, உறைய வைப்பதா, துளையிடுவதா: இதய அப்லேஷனில் நரம்புகளின் பாடு

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் மின்பொறிகள் எங்கிருந்து வருகின்றன என்பதை 1998-இல் பிரான்சின் போர்தோ நகரைச் சேர்ந்த ஹைசகேர் குழு காட்டியது. 45 நோயாளிகளில் கண்டறிந்த பொறிகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தே கிளம்பின. அதன்பின், திசுவைச் சிதைத்துத் தழும்பாக்கும் அப்லேஷன் சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை. தொடை இடுக்குச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடது பக்கம் நுழைந்து, சிரைகளின் வாயைச் சுற்றி மின்சாரம் கடக்க முடியாத தழும்பு வளையம் போடுகிறார்கள். தழும்பை உண்டாக்கும் ஆற்றல் எது என்பதில்தான் வித்தியாசம்.

வளையம் விழும் இடத்தில் நரம்பு நெரிசல் அதிகம். உதரவிதானத்தை இயக்கும் வலது ஃபிரெனிக் நரம்பு, வலது மேல் நுரையீரல் சிரைக்கு மிக அருகில் இறங்குகிறது. மேலறையின் பின்சுவரை ஒட்டி உணவுக்குழாய். அதன்மேல் இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பின் கிளைகள்; இதயத் துடிப்பைத் தணிப்பதும் இந்த நரம்பே. சிரை வாய்களையொட்டிய கொழுப்புத் திட்டுகளிலோ இதயத்தின் சொந்த நரம்புமுடிச்சுகள்.

ரேடியோ அதிர்வலை முறையில் கதீட்டர் நுனி திசுவைச் சூடாக்குகிறது. சுமார் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் மீளாமல் இறக்கும். 100-ஐ நெருங்கினால் திசுவுக்குள் நீராவி வெடித்துச் சுவரே கிழியலாம். அதனால் நுனியை உப்புநீரால் குளிர்வித்தபடி, 10 முதல் 20 கிராம் அழுத்தத்தில் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள். பின்சுவரில் நேரத்தையோ வாட்டையோ குறைப்பது வழக்கம். வெப்பம் திசுவகை பார்க்காது என்பதே சிக்கல். உணவுக்குழாயின் வேகஸ் கிளைகள் வெந்தால் இரைப்பை மெதுவாகவே காலியாகும்; வயிற்று உப்புசமும் சீக்கிரம் வயிறு நிறைந்துவிட்ட உணர்வும் வரும். குழாய்ச் சுவரே புண்ணாகி மேலறைவரை துளைத்துக்கொண்டால் உயிராபத்து. அது மிக அரிது. ஆனால் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த நாட்களில் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் உடனே சி.டி. ஸ்கேன் தேவை. காற்றை ஊதும் எண்டோஸ்கோபி கூடாது. காற்று துளை வழியே இதயத்துக்குள் போய் மூளையை அடைக்கும்.

கிரையோ பலூன் முறையில் 28 மில்லிமீட்டர் பலூனைச் சிரை வாயில் அடைத்து, உள்ளே நைட்ரஸ் ஆக்சைடைப் பாய்ச்சி ஏறக்குறைய மூன்று நிமிடம் உறைய வைக்கிறார்கள். பலூனுக்குள் மைனஸ் 40 முதல் 55 டிகிரி வரை இறங்கும். வளையம் ஒரே மூச்சில் விழுந்துவிடும். 2016-இல் வெளியான 'ஃபயர் அண்ட் ஐஸ்' ஆய்வில் இது வெப்ப முறைக்கு ஈடாகவே நின்றது. ஆனால் வீடு திரும்பும்போது ஃபிரெனிக் பாதிப்பு கிரையோவில் 2.7 சதவீதம், வெப்ப முறையில் பூஜ்யம். வலது சிரையில் பலூன் ஆழமாக நுழைந்தால் குளிர் நேராக நரம்பைத் தொடுகிறது.

தடுப்பு முறை எளிது. மேற்பெருஞ்சிரையில் வைத்த கதீட்டரால் நரம்பைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டே, வயிற்றில் கைவைத்து உதரவிதானத்தின் துள்ளலைக் கவனிக்க வேண்டும். தசைத் தளர்வு மருந்து முழுவதும் நீங்கியிருக்காவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. துள்ளல் தளர்ந்தாலோ, தசை மின்னலையின் உயரம் 30 சதவீதம் குறைந்தாலோ உறைதலை அந்த நொடியே நிறுத்தி, பலூனின் காற்றையும் இறக்கிவிட வேண்டும். ஒரு ஆறுதல்: உறைந்த நரம்பு, மேலுறை கிழியாமல் உள்ளே செம்பு மட்டும் அறுந்த ஒயரைப் போன்றது. உறை இருப்பதால் இழை மறுபடி வளர வழி கிடைக்கிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் செயல்பாடு திரும்பிவிடும்.

மூன்றாவது, மின்துடிப்பு அப்லேஷன். சுமார் 2,000 வோல்ட் துடிப்புகள், ஒவ்வொன்றும் மைக்ரோ நொடிக் கணக்கில். செல் சவ்வில் மூடாத துளைகள் விழுந்து செல் இறக்கிறது. இதயத்தசை குறைந்த மின்புலத்திலேயே சாகும். நரம்பு அதைவிடப் பல மடங்கு தாங்கும். இந்தச் சிகிச்சை பெற்ற 17,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவேட்டில் நிலைத்த ஃபிரெனிக் முடக்கமோ உணவுக்குழாய்த் துளையோ ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தற்காலிகமாக நரம்பு மரத்துப்போவது உண்டு; பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். இதன் தொல்லைகள் வேறு வகை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மிட்ரல் வால்வருகே துடிப்பு கொடுத்தால் இதயத்தமனி இறுகலாம். துடிப்பு எண்ணிக்கை கூடினால் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகத்துக்குச் சுமை.

நரம்புமுடிச்சுகளின் கதைதான் சுவையானது. மின்துடிப்பு பாயும்போது, குறிப்பாக இடது மேல் சிரையில், வேகஸ் கிளர்ந்து இதயம் சில நொடி நின்றேவிடும். வேகஸை அடக்கும் அட்ரோபின் மருந்தும், இதயத்தை மின்சாரத்தால் தூண்டும் பேஸிங் வயரும் தயாராக இருக்க வேண்டும். வலது மேல் சிரையை முதலில் முடித்தால் இந்த அதிர்ச்சி குறைகிறது. அங்குள்ள முடிச்சு வழியாகவே, இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் முனைக்கு வேகஸ் கட்டளை போகிறது. வெப்பமும் குளிரும் அந்த முடிச்சை நிலையாகச் சிதைப்பதால், சிகிச்சைக்குப் பின் ஓய்வு நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் பத்து கூடி மாதக்கணக்கில் நீடிக்கலாம். மின்துடிப்பில் இந்த ஏற்றம் மிகக் குறைவு.

அப்படியானால் முடிச்சைத் தப்பவிடுவது பலனைக் கெடுக்குமா? 607 பேரை வைத்து நடந்து 2023-இல் வெளியான 'அட்வென்ட்' ஆய்வில் ஓராண்டு வெற்றி மின்துடிப்புக்கு 73.3, வெப்ப, குளிர் முறைகளுக்கு 71.3 சதவீதம். கெடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நெஞ்சுத்துளை அறுவையில் முடிச்சுகளைக் கூடுதலாக எரித்துப் பார்த்த ஆம்ஸ்டர்டாம் குழுவின் 'ஏஃபாக்ட்' ஆய்விலும் நடுக்கம் திரும்புவது குறையவில்லை. ரத்தக்கசிவும் பேஸ்மேக்கர் தேவையும்தான் கூடின. வேகஸ் மிகைப்பால் அடிக்கடி மயங்கி விழுபவர்களுக்குச் செய்யும் நரம்புமுடிச்சு அப்லேஷனில் கணக்கு தலைகீழ். அங்கே குறியே அந்த முடிச்சுதான். ஆகவே பெரும்பாலும் எடுப்பது பழைய ரேடியோ அதிர்வலைக் கதீட்டரையே.