உள்வெடிப்பா, அமுக்க நொறுங்கலா?

2023 ஜூன் 18இல், டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்க இறங்கிய டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி ஐந்து பேருடன் அழிந்தது. 'வெடித்துச் சிதறியது' என்றன சில செய்திகள். கொஞ்சம் கவனமாக எழுதியவர்கள் 'உள்வெடிப்பு' என்றார்கள். ஆழ்கடல் கருவிகளைப் பற்றித் தமிழில் எதை வாசித்தாலும் இப்போது இந்த உள்வெடிப்பு வந்து நிற்கிறது. இரண்டுமே பிழை. இரண்டாவது, சரிபோலத் தெரிவதால் கூடுதல் பிழை.

ஆங்கில மூலச்சொல் இம்ப்ளோஷன். வெடிப்பைக் குறிக்கும் எக்ஸ்ப்ளோஷனின் இலத்தீன் வேர் கைதட்டலைக் குறிப்பது. நடிகரைக் கைதட்டி மேடையிலிருந்து விரட்டுவது அதன் பழைய பொருள். அதற்கு எதிர்ச்சொல்லாக 19ஆம் நூற்றாண்டில் கட்டியதுதான் இம்ப்ளோஷன். அவ்வளவுதான் அதன் கதை.

நடப்பது என்ன? கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. (தமிழ்நாட்டார் அழுத்தம் என்பதை இலங்கையில் நாங்கள் அமுக்கம் என்றே படித்தோம்.) டைட்டானிக் கிடக்கும் 3800 மீற்றரில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறத்தாழ 380 கிலோகிராம் பாரம் நெரிக்கிறது. கலத்துக்குள் இருப்பதோ நாம் கரையில் சுவாசிக்கும் அதே காற்று. சுவர் தாங்காத கணத்தில் கடல் உள்ளே இடித்து இறங்கிவிடுகிறது. உள்ளே வெடிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

தமிழில் வெடித்தல் என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது. வெள்ளரிப்பழம் வெடிக்கும், பஞ்சுக்காய் வெடிக்கும். யாழ்ப்பாணத்தில் வெடி என்றால் துவக்குச் சூடுங்கூட. இந்தச் சொல்லின் முன்னால் 'உள்' போட்டால் திசை திரும்பாது, வெடித்த இடந்தான் மாறும். டைட்டன் செய்தி வந்த நாட்களில் சைக்கிள் கடையில் ஒருவர் கேட்டார்: "உள்ளுக்கை என்ன அண்ணை வெடிச்சது, பற்றறியோ?" அவர் தமிழைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டார். எழுதியவர்தான் பிழையாக எழுதியிருந்தார்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. வெடிப்பு என்றால் கீறல், பிளவு என்றும் பொருள்: சுவர் வெடிப்பு, குதிக்கால் வெடிப்பு. ஒரு பொறியியலாளருக்கு 'உள்வெடிப்பு' என்றால் உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் கீறல். கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து கலத்தைக் கொல்வது. டைட்டனின் காபன் நார்ச் சுவரில் அடுக்குகள் முன்னைய பயணம் ஒன்றிலேயே பிரிந்திருந்ததாக அமெரிக்க விசாரணை கண்டது. அதை இந்தத் தமிழில் எழுதினால் 'உள்வெடிப்பால் உள்வெடிப்பு ஏற்பட்டது' என்றுதான் வரும். காரணமும் விளைவும் ஒரே சொல்லில் கிடந்தால் மாணவன் எதைப் படிப்பான்?

'பெரிய சத்தம் கேட்டதே, அதிர்வலையும் பரவியதே' என்று உள்வெடிப்புக்கு வாதாடுவோர் உண்டு. உண்மைதான். ஜப்பானின் சூப்பர் காமியோகண்டே ஆய்வுக்கூடத்தில் 2001 நவம்பரில், நீர்த்தொட்டிக்குள், ஒளியை உணரும் ஒரு வெற்றிடக் கண்ணாடிக் குழாய் நொறுங்கிய அதிர்வில் 6,000க்கும் மேற்பட்ட குழாய்கள் தொடர்ந்து நொறுங்கின. ஆனால் அந்தச் சக்தி குழாய்க்குள் இருந்து வரவில்லை, சுற்றியிருந்த நீரின் அமுக்கத்திலிருந்து வந்தது. சத்தத்தை வைத்துப் பெயரிட்டால் இடியையும் வெடி என்றுதான் சொல்லவேண்டும்.

அதனால் நான் எழுதுவது 'அமுக்க நொறுங்கல்'. வினையாக, 'அமுங்கி நொறுங்கியது'. 'உள்நொறுங்கல்' என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் 'உள்' இடத்தைத்தான் காட்டுகிறது, ஆகவே வேண்டாம். மெல்ல நெளிவதை நசிதல் என்போம்; தகரப் பேணி சப்பளிந்தது என்போம். அவை வேறு. இது கணத்தில் முடிவது.

சொல் சரியாக இருந்தால் அடுத்த விளக்கமும் சுலபமாகிறது. கடலடிக் கருவிகள் பலவற்றின் கூடுகளை எண்ணெயால் நிரப்பி, உள்ளமுக்கத்தை வெளியமுக்கத்துக்குச் சமனாக்குகிறார்கள். உள்ளே காற்று இல்லாததால் அமுங்கி நொறுங்க ஒன்றுமில்லை. இதையே 'உள்வெடிப்புத் தடுப்பு எண்ணெய்' என்று மொழிபெயர்த்தால், வாசிப்பவர் எரியாத எண்ணெய் என்று நினைப்பார். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியை மூடிவைத்துவிட்டு, முதலில் எது எங்கே தள்ளுகிறது என்று பார்க்கட்டும்.