பேரியாட்ரிக் என்றால் கொழுப்பு எடுப்பதா?

"கொழுப்பை எத்தனை கிலோ எடுப்பாங்க?" என்று பெரியம்மா கேட்டதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் மேல் தப்பில்லை. கையில் வைத்திருந்த துண்டறிக்கையில், உடல் எடையைக் குறைக்கச் செய்யும் பேரியாட்ரிக் அறுவைக்கு 'கொழுப்பு நீக்க அறுவை சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது எத்தனையாவது முறையோ!

கிரேக்கத்தில் பாரோஸ் என்றால் எடை, இயாட்ரோஸ் என்றால் மருத்துவர். இரண்டும் சேர்ந்து பேரியாட்ரிக். பாரோமீட்டரில் இருப்பதும் அதே பாரோஸ்தான். நம் 'பாரம்'தான் கிரேக்கம் போனது என்று மார்தட்ட வேண்டாம். பாரோஸுக்கு உறவு, கனம் என்ற பொருளுள்ள வடமொழி 'குரு'. பாரம் வேறு வேரில் பிறந்தது, அதுவும் வடசொல்தான்.

சரி, இதில் கொழுப்பு எங்கே வந்தது? சொல்லிலும் இல்லை, அறுவையிலும் இல்லை. ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். இடுப்புச் சதையை யாரும் தொடுவதில்லை. தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது லைபோசக்ஷன். 'கொழுப்பு நீக்கம்' என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும், இதற்கு ஒட்டாது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்றால், ஆமாம். பெரியம்மா இந்த யோசனைக்கே வந்தது முதுகுவலியால்தான். எடை இறங்கினால் தொந்தி முன்னால் இழுப்பது குறையும், இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின் மேல் விழும் அழுத்தமும் குறையும். பலருக்கு வலி தணிகிறது. ஆனால் இதே அறுவைக்குப் பின் கால்சியமும் வைட்டமின் டியும் உடம்பில் சரியாகச் சேராமல் எலும்பு மெலியலாம், முதுகெலும்பு உட்பட. அதனால்தான் ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை. வெறும் கொழுப்பைத்தான் எடுத்தார்கள் என்று நம்புகிறவர், வயிறு வற்றியதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

அதே துண்டறிக்கையில் 'தண்டுவட ஆரோக்கியம்' என்று இன்னொரு கூத்து. தண்டுவடம் நரம்பு, முதுகெலும்பு எலும்பு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். பெரியம்மா "இங்கதான்டா வலிக்குது" என்று கைவைக்கும் இடத்தில் தண்டுவடமே கிடையாது! அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

பேரியாட்ரிக்குக்கு 'எடைக் குறைப்பு அறுவை' என்ற பெயர் பரவாயில்லை, ஆனால் உடற்பயிற்சிக் கூட விளம்பரம் மாதிரி காதில் விழுகிறது. என் வாக்கு 'உடற்பருமன் அறுவை சிகிச்சை'க்கு. சிகிச்சை வடசொல் என்று கோபிப்பவர்கள் 'அறுவை மருத்துவம்' என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்குத் தகராறில்லை. அந்தப் பெயரின் கீழ் ஸ்லீவுக்கு 'இரைப்பைக் குறைப்பு', பைபாஸுக்கு 'இரைப்பை மாற்றுவழி' என்று வைத்தால், என்ன செய்யப் போகிறார்கள் என்பது பெயரிலேயே வந்துவிடும்.

"கொழுப்பை எடுக்கறதில்ல பெரியம்மா, இரைப்பையைச் சின்னதாக்குவாங்க" என்றேன். கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ சோறு எவ்வளவுடா சாப்பிட முடியும்?"