ரீபூட் போடுவதற்கு முன்

சர்வர் மெதுவாகிவிட்டது என்று போன் வந்ததும், புதிதாகச் சர்வர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களின் கை நேராக ரீபூட்டுக்குத்தான் போகிறது. பெரும்பாலும் சர்வரும் எழுந்து ஓடத் தொடங்கிவிடும். சிக்கலே அங்கேதான். ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸ்கள், மெமரியின் நிலை, திறந்திருந்த கோப்புகள் என்று காரணத்தைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய தடயங்கள் அதோடு போய்விடும். சில நாள் கழித்து அதே போன் மறுபடி வரும்.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு கேஸ். டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத மறுக்கிறது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை 100 சதவீதம் என்கிறது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கோப்புகளின் அளவைக் காட்டும் டியூ (du) கட்டளை போட்டுக் கூட்டினால் பாதிகூடத் தேறவில்லை. பெரும்பாலும் நடந்தது இதுதான்: யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை ஆர்எம் (rm) கட்டளை போட்டு அழித்திருப்பார், அதில் எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸ் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கும். லினக்ஸில் ஆர்எம் எடுப்பது டைரக்டரியில் உள்ள பெயரை மட்டும்தான். திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும் மூடினால்தான் இடம் திரும்பும். டியூ பெயர்களைப் பின்தொடர்ந்து கூட்டுவதால் அதன் கண்ணில் இது படாது. எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையோடு ‘பிளஸ் எல்1’ (+L1) கொடுத்தால், பெயர் போயும் திறந்திருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸும் தெரியும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். லாக்கை அவசரமாகக் காலி செய்யத்தான் வேண்டும் என்றால், அழிக்காமல் ட்ரன்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

டிஎஃபில் இடம் இருந்தும் அதே பிழைச்செய்தி வந்தால் ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டியிருக்கும் பதிவு, தீர்ந்திருக்கலாம். குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் குவியும் இடங்களில் இது சகஜம். ‘ரூட் பயனராக எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தானே எழுதுகிறது’ என்பவரையும் நம்ப முடியாது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்றே ஒதுக்கி வைக்கும்.

லோடு ஆவரேஜிலும், அதாவது சராசரியாக எத்தனை ப்ராசஸ்கள் ஓடுகின்றன அல்லது காத்திருக்கின்றன என்ற எண்ணிலும், பலர் ஏமாறுகிறார்கள். சிபியு சும்மா இருக்க, லோடு மட்டும் 40 காட்டும். டிஸ்க்கிடமிருந்தோ, நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸிடமிருந்தோ பதில் வராமல் ‘டி’ நிலையில் தொங்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில் சேர்க்கிறது. அப்போது சிபியுவைக் கூட்டி என்ன பயன்?

‘டேட்டாபேஸ் தானாகவே நின்றுவிட்டது’ என்றால் முதலில், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) பாருங்கள். மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருந்தால் ‘கில்டு ப்ராசஸ்’ என்ற வரி இருக்கும். கன்டெய்னரில் வெளியேறும் எண் 137, அதாவது 128 கூட்டல், கட்டாயமாகக் கொல்லும் சிக்னல் 9. செத்தவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெர்னல் பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவரைத்தான் தேர்ந்தெடுக்கும். கசியவிட்டவர் வேறொருவராக இருக்கலாம்.

விண்டோஸ் சர்வர் என்றால் ஈவென்ட் வியூவரில் 1074 என்ற ஈவென்ட் எண் இருக்கிறதா பாருங்கள். எந்தப் பயனர் அல்லது ப்ராசஸ் ரீஸ்டார்ட் கேட்டது என்பது அதில் இருக்கும். 6008 இருந்தால் எதிர்பாராமல் அணைந்திருக்கிறது.

சரி, மேலிடத்து நெருக்கடியில் ரீபூட் செய்துதான் ஆக வேண்டும் என்றால்? ப்ராசஸ் பட்டியல், மெமரி, நெட்வொர்க் இணைப்புகள், டிமெசேஜ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்க்கும் சின்ன ஸ்கிரிப்ட்டை முன்பே எழுதி வையுங்கள். நிரம்பிய டிஸ்க்கிலேயே அதைச் சேமிக்கப் போகாதீர்கள், இதுவும் நடக்கிறது. சிஸ்டம் லாக்கான ஜர்னல் டிஸ்க்கில் சேமிக்கப்படுகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். மெமரியில் மட்டும் இருந்தால், ரீபூட்டுக்குப் பின் முந்தைய பூட்டின் லாக் கிடைக்காது.

இதையெல்லாம் படித்து மட்டும் கற்க முடியாது. ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்துவிட்டு நீங்களே கெடுத்துப் பாருங்கள். டிஸ்க்கை நிரப்புங்கள், ஐநோடைத் தீர்த்துவிடுங்கள். அப்புறம், மெஷினில் இல்லாத ஒரு டிஸ்க்கின் யூயூஐடியை (அடையாள எண்), பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் எழுதி ரீபூட் செய்யுங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் ‘நோஃபெயில்’ (nofail) போடாவிட்டால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். ஸ்னாப்ஷாட்டைத் தொடாமல் அங்கிருந்து வெளியே வாருங்கள்.